ஜன்னலோரம் படிக்கும் இளைஞர்: ஒரு எட்சிங்குக்குள் நுழைய நான்கு வாசல்கள்

1647-இல் ஆம்ஸ்டர்டாமில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் செய்த ‘யான் சிக்ஸ்’ எட்சிங் (செம்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மையிட்டுத் தாளில் அச்சிடும் படம்), வார இதழின் ஒரு பக்கத்தைவிடச் சிறியது. ஏறத்தாழ 24.5 செ.மீ. உயரம், 19 செ.மீ. அகலம். திறந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அதன் விளிம்பில் சாய்ந்தபடி சிக்ஸ் என்ற இளைஞர் மடித்துப் பிடித்த தாள்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். தோள்வரை புரளும் சுருள்முடி. பின்னால் மேசைமேல் மேலங்கியும் வாளும். சுவரில் திரை போட்ட ஓர் ஓவியம். நாற்காலி ஒன்றில் புத்தகக் குவியல். ஜன்னலையும் அதை ஒட்டிய கொஞ்ச இடத்தையும் விட்டால் அறை முழுக்க இருட்டு.

இந்தப் படத்தைப் பற்றி எழுதவோ வகுப்பில் காட்டவோ உட்காருகிறவர் முதலில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: எந்த வாசல் வழியாக உள்ளே போவது? நடைமுறையில் நான்கு உண்டு. ஒளியைப் பற்றிய படமாக வாசிக்கலாம். ஒரு கனவானின் தோரணையாக வாசிக்கலாம். கவிஞர், அறிஞர் என்று வாசிக்கலாம். ஓவியருக்கும் அவருக்கும் இருந்த நட்பின் சாட்சியாக வாசிக்கலாம். நான்கும் முழுப் பொய்யல்ல. ஆனால் நான்குக்கும் உள்ள ஆதாரம் ஒரே எடையில் இல்லை. நான்கையும் ஒரே கட்டுரையில் அடைத்தால் கதம்பம்தான் மிஞ்சும். எங்கள் தேர்வு, ஒளியில் தொடங்கிக் கனவானில் போய் நிற்பது. மற்ற இரண்டும் ஏன் பின்வரிசைக்குப் போகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில், உங்கள் முன் இருப்பது எது?

எட்சிங் என்பது ஒற்றைப் படமன்று. ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கப்படும்; இடையிடையே ஓவியர் தகட்டைத் திருத்துவார். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் வருவது ஒரு ‘நிலை’. சிக்ஸ் தகடு இப்படிப் பல நிலைகளைக் கண்டது. ஒரு நிலையில் ஆண்டைக் குறிக்கும் எண்களில் 6-உம் 4-உம் இடவலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாக விழுந்திருக்கும். தகட்டில் எழுதுவதெல்லாம் தாளில் இடம் வலமாக மாறும் என்பதால் எழுத்தைத் திருப்பி எழுத வேண்டும். அதில் நேர்ந்த கைப்பிழை இது. அடுத்த நிலையில் அது சரிசெய்யப்பட்டது. அதற்கும் பிறகுதான் ‘யான் சிக்ஸ், வயது 29’ என்ற வரி தகட்டுக்கு வந்தது.

இந்த வரிசை வாசிப்பையே மாற்றக்கூடியது. முதல் பிரதிகளைக் கையில் வாங்கியவர்களுக்குப் படத்தில் பெயர் இல்லை, வயதும் இல்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை, ஆளைத் தெரிந்தவர்கள். அக்காலத்தில் விற்பனைக்கென்று அச்சான உருவப்படங்கள் வேறு மாதிரி இருந்தன: மார்பளவு உருவம், கீழே பெயர், பதவி, சில சமயம் லத்தீன் செய்யுள். பிளெமிஷ் ஓவியர் வான் டைக் தம் காலத்துப் பிரமுகர்களை வைத்துத் திட்டமிட்ட உருவப்பட வரிசையில் அந்த முறையைத் தெளிவாகப் பார்க்கலாம். அதில் அவர் தாமே எட்சிங் செய்த சில தகடுகளில் முகம் மட்டும் முடிந்திருக்கும், உடை நாலைந்து கோட்டோடு நிற்கும். மற்றத் தகடுகளைச் செதுக்குக் கலைஞர்கள் செய்து முடித்தார்கள். ரெம்பிராண்ட் இங்கே நேர் எதிராகப் போகிறார். முழு உருவம், முழு அறை, பெயர் மட்டும் இல்லை.

ஆகவே வாசிக்கத் தொடங்குமுன் மூன்று சோதனைகள். ஒன்று, பெயர்வரி இருக்கிறதா, 6-உம் 4-உம் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பாருங்கள். நிலை ஓரளவு பிடிபடும். இரண்டு, பத்து மடங்கு உருப்பெருக்கி வைத்து இருட்டுப் பகுதியைப் பாருங்கள். அமிலம் அரித்த கோடு முனையில் மழுங்கி நிற்கும், அகலம் ஏறக்குறைய மாறாது. பியூரின் என்ற உளியால் செதுக்கிய கோடு முனையில் கூர்ந்து மெலியும். டிரைபாயிண்ட் ஊசியால் நேரடியாகக் கீறிய கோட்டின் ஓரத்தில் செம்பு, மண்வெட்டி இழுத்த மண்போல, மேடு கட்டி நிற்கும். அதில் மை தங்கி, அச்சில் வெல்வெட் போன்ற கறுப்பு கிடைக்கும். சிக்ஸ் தகட்டில் மூன்றும் கலந்திருக்கின்றன. மூன்று, கறுப்பின் ஆழத்தைப் பாருங்கள். டிரைபாயிண்ட் மேடு அச்சு எந்திரத்தின் அழுத்தத்தில் சீக்கிரம் நசுங்கிவிடும். சில பத்துப் பிரதிகளுக்குள் அந்த வெல்வெட் போய்விடும். அமிலக் கோடுகளோ சில நூறு பிரதிகள்வரை தாங்கும்.

மூன்றாவது சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தேய்ந்த தகட்டுப் பிரதியில் இருட்டு சாம்பலாகிவிடும். வாள், திரை, ஓவியம் எல்லாம் பளிச்சென்று வெளியே வரும். அதைப் பார்த்து ‘பொருள்களால் நிரம்பிய அறை’ என்று எழுதிவிடுவார்கள். நல்ல ஆரம்பப் பிரதியில் கண் இருட்டுக்குப் பழகிய பிறகே அந்தப் பொருள்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். பொருள்கள் இரண்டிலும் அவையேதான். அவற்றுக்குக் கொடுக்கக்கூடிய அழுத்தம் வேறு. இணையத்தில் கிடைக்கும் படங்களில் ஒளிச்செறிவைக் கூட்டிப் போட்டவையும் இதே தவற்றுக்கு இழுத்துப் போகும். பெரிய அருங்காட்சியகங்களின் தளத்திலுள்ள உயர்தெளிவுப் படம் இரண்டையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எழுத வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை விலைக்கு வாங்க நினைப்பவர்களுக்கு. ரெம்பிராண்டின் பல தகடுகள் அவர் காலத்துக்குப் பின் கைமாறி, பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் மீண்டும் மீண்டும் அச்சாயின. சிக்ஸ் தகடு அந்தக் கூட்டத்தில் போகவில்லை. சிக்ஸ் குடும்பத்திடமே தங்கியது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமாண்ட் துராண்ட் என்ற பாரிஸ்காரர் ஒளிப்பட முறையில் ரெம்பிராண்டின் எட்சிங்குகளை நகல் தகடுகளாக்கி அச்சிட்டார். நகல் என்பதை மறைக்காமல் தாளின் பின்புறம் சிவப்பு முத்திரை குத்தினார். முன்புறத்தை மட்டும் பார்த்து மயங்காமல் தாளைத் திருப்பிப் பாருங்கள்.

முதல் வாசல்: ஒளி

இதற்கு வெளி ஆதாரம் எதுவும் வேண்டாம். எல்லாம் படத்திலேயே இருக்கிறது. அதுதான் இதன் பெரிய பலம்.

ஜன்னல் அவருக்குப் பின்னால் இருக்கிறது. அப்படியானால் முகம் நிழலில் கறுத்திருக்க வேண்டும். வெயில் நேரத்தில் வாசற்படியில் நிற்பவரை உள்ளிருந்து பார்த்தால் முகம் தெரியாது, உருவ விளிம்புதான் தெரியும். இங்கே முகம் தெரிகிறது. காரணம், கையிலுள்ள தாள்கள். ஜன்னல் வெளிச்சம் தாளில் பட்டு, அங்கிருந்து தெறித்து முகத்துக்கு வருகிறது. முகத்துக்கு வெளிச்சம் தருவது படிக்கும் தாளேதான். உருவக வாசிப்பு வேண்டுவோருக்கு இது பொன்னான இடம். ஆனால் உருவகத்துக்குமுன் இது ஒளியியல்.

இதைச் செம்பில் செய்வது எளிதன்று. எட்சிங்குக்குக் கழுவல் நிறம், அதாவது நீர்த்த மையைத் தூரிகையால் பூசுவது, கிடையாது. கோடு இருக்கும், அல்லது வெறும் தாள் இருக்கும். சாம்பல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்க வேண்டும். கறுப்பு வேண்டுமென்றால் வேறு வேறு திசைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக வலை பின்ன வேண்டும். அங்கேதான் ஆபத்து. தகட்டின்மேல் பூசிய மெழுகுப் பூச்சில் ஊசியால் கீறித்தான் செம்பைத் திறக்கிறோம். கோடுகள் அளவுக்கு மீறி நெருங்கினால் இடையிலுள்ள பூச்சு அமிலத்தில் பெயர்ந்துவிடும். இடையிலிருந்த செம்பும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அகலப் பள்ளத்தில் மை நிற்காது, துடைக்கும்போதே வழித்துக்கொண்டு வந்துவிடும். கறுப்பு வர வேண்டிய இடம் அழுக்குச் சாம்பலாகிவிடும். இதற்கு வழி, ஒரே மூச்சில் அரிக்க விடாமல் வெளிச்சப் பகுதிகளை வார்னிஷால் மூடி மூடிப் படிப்படியாக அரிப்பது. கடைசிக் கறுப்பை அமிலத்திடம் விடாமல் டிரைபாயிண்டாலும் பியூரினாலும் கொண்டுவருவது. சிக்ஸ் படத்தின் இருட்டில் மெல்லிய வலைப்பின்னலும் அதன்மேல் பட்டுப்போன்ற கறுப்பும் சேர்ந்திருப்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்.

ஒப்பிட்டுக் காட்ட நல்ல துணை ஒன்று உண்டு. லுட்விக் வான் சீகன் என்ற ஜெர்மானியர் 1642-ஆம் ஆண்டிட்ட உருவப்படத்தோடு மெசோடிண்ட் முறையை வெளிக்கொண்டுவந்தார். பின்னாளில் அது முதிர்ந்தபோது தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்கி, முழுக் கறுப்பிலிருந்து தேய்த்துத் தேய்த்து வெளிச்சத்தை வரவழைப்பது வழக்கமாயிற்று. ரெம்பிராண்ட் ஐந்தாண்டுக்குப் பின் அதேபோன்ற மென்மையான இருட்டை எதிர்த்திசையிலிருந்து, கோடு கோடாகக் கட்டி எட்டுகிறார். வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் போட்டுக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

தாளையும் கவனிக்க வேண்டும். 1647 வாக்கில் ரெம்பிராண்ட் ஜப்பானியத் தாளில் அச்சிடத் தொடங்கினார். அது இளமஞ்சள் சாயலும் பட்டு மினுக்கும் உடையது. ஐரோப்பியத் தாளைவிட மையை மென்மையாக ஏந்தும். அந்தத் தாளில் ஜன்னல் வெளிச்சம் வெயிலாகத் தோன்றும். வெள்ளை ஐரோப்பியத் தாளில் அதே ஜன்னல் குளிர்ந்த பகல். ‘வெதுவெதுப்பான மாலை’ என்று எழுதுமுன் தாள் எது என்று பாருங்கள்.

இந்த வாசலின் குறை, இது ஆளை விட்டுவிடக்கூடும். ஒளியைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதி முடிக்கும்போது ஜன்னலோரம் ஒரு பூனை உட்கார்ந்திருந்தாலும் இதே கட்டுரைதான் வந்திருக்கும் என்று தோன்றினால் அது தோல்வி. அதனால்தான் இங்கேயே நிற்கக் கூடாது என்கிறோம்.

இரண்டாவது வாசல்: கனவான்

சிக்ஸ் 1618-இல் பிறந்தவர். குடும்பத்துக்குத் துணிச்சாயமும் பட்டும் தொழில், பணத்துக்குக் குறைவில்லை. லைடனில் படித்தார், இத்தாலிக்குப் போய்வந்தார். 1691-இல் ஆம்ஸ்டர்டாமின் மேயர் பதவிவரை போனார். 1647-இல் இதில் எதிர்காலப் பாதி இன்னும் நடக்கவில்லை. நம் முன் நிற்பவர் தொழிலை விட்டு மேற்குடி வாழ்வுக்கு ஏறும் வழியில் உள்ள பணக்கார வீட்டுப் பிள்ளை.

இப்போது பொருள்களைப் பாருங்கள். வாள் இருக்கிறது, ஆனால் இடுப்பில் இல்லை. மேலங்கி இருக்கிறது, கழற்றிப் போடப்பட்டிருக்கிறது. விலையுயர்ந்த ஓவியம் இருக்கிறது, திரைக்குப் பின்னால். தூசியிலிருந்தும் வெளிச்சத்திலிருந்தும் காக்க டச்சு வீடுகளில் நல்ல ஓவியங்களுக்குத் திரை போடுவது வழக்கம். எல்லாம் உண்டு என்று தெரிகிறது, எதையும் அவர் காட்டிக்கொள்ளவில்லை. நிற்கும் நிலையும் அப்படியே: சாய்வு, தளர்வு, நம்மை ஏறிட்டும் பார்க்காத அலட்சியம். இத்தாலிய எழுத்தாளர் காஸ்டிக்லியோனே அரசவையாளர் பற்றிய தம் நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: ஸ்ப்ரெட்சதூரா. உழைத்துப் பெற்ற நேர்த்தியை உழைப்பே இல்லாததுபோலக் காட்டும் கலை.

ரெம்பிராண்ட் எட்டாண்டுக்கு முன்பே இந்த மொழியைப் பழகியிருந்தார். 1639-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஓர் ஏலத்தில் ரஃபேல் வரைந்த காஸ்டிக்லியோனே உருவப்படம் 3,500 கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) போனது. ரெம்பிராண்ட் அதைப் பார்த்து விரைவுக் கோட்டோவியம் எடுத்து, விலையையும் அதிலேயே குறித்து வைத்தார். அதே ஆண்டு கல்விளிம்பில் கை ஊன்றிய தம் உருவத்தை எட்சிங் செய்தார். சிக்ஸ் படம் அந்தப் பாதையில்தான் நிற்கிறது.

இதைவிட வலுவான ஆதாரம் தயாரிப்பு வரைபடங்களில் இருக்கிறது. ஒன்றில் சிக்ஸ் ஜன்னலோரம் நிற்க, ஒரு நாய் அவர்மேல் தாவுகிறது. கையில் படிப்பு எதுவும் இல்லை. இன்னொன்று கறுப்புச் சுண்ணத்தில், அவர் படித்துக்கொண்டிருக்கிறார். கோடுகளின்மேல் கூர்முனையால் அழுத்தி இழுத்த தடம் இருக்கிறது. அதுதான் தகட்டுக்கு மாற்றப்பட்டது. நாயோடு நிற்கும் படம் அப்பட்டமான கனவான் படம். அந்தத் தோரணை மேற்குடி உருவப்படங்களில் அரதப்பழசு. அதைக் கைவிட்டு, கனவான் அடையாளங்களை இருட்டுக்குள் தள்ளி, வெளிச்சத்தைத் தாளுக்குக் கொடுத்தார்கள். முடிவு யாருடையது, வரைந்தவருடையதா வரையப்பட்டவருடையதா என்பதைப் படம் சொல்வதில்லை. எதிலிருந்து எதற்கு நகர்ந்தது என்பதைச் சொல்கிறது. அதுவே போதும்.

இந்த வாசலில் வழுக்கும் இடம் ஒன்று. காஸ்டிக்லியோனே நூலின் டச்சு மொழிபெயர்ப்பு 1662-இல் வெளிவந்து சிக்ஸுக்கே காணிக்கையாக்கப்பட்டது. கட்டுரை எழுதுவோருக்கு வாயில் வெல்லம் போட்டது போன்ற செய்தி. ஆனால் அது படத்துக்குப் பதினைந்து ஆண்டு பிந்தியது. 1662-இல் ஊர் அவரை எப்படிப் பார்த்தது என்பதற்குச் சான்றாகும். 1647-இல் அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு ஆகாது. அடிக்குறிப்பில் வைக்கலாம், தூணாக நிறுத்தக் கூடாது.

மூன்றாவது வாசல்: கவிஞர், அறிஞர்

மக்களுக்குப் பிடித்த வாசிப்பு இதுதான். இளைஞர், புத்தகக் குவியல், தனிமை, சிந்தனை. சிக்ஸ் நாடகம் எழுதியவர்; கிரேக்கப் புராணப் பெண் ஒருத்தியைப் பற்றிய அவருடைய ‘மீடியா’ 1648-இல் அச்சானது, அதற்கு ரெம்பிராண்ட், கதையில் வரும் யாசோன் கிரேயுசா திருமணத்தை எட்சிங் செய்து கொடுத்தார். இந்த இரண்டையும் கோத்து, ‘படத்தில் அவர் தம் மீடியா கையெழுத்துப் படியைப் படிக்கிறார்’ என்று எழுதிவிடுகிறார்கள். படத்தில் அப்படி எழுதியில்லை. தாளில் எழுத்தே வாசிக்கக் கிடைக்காது. ‘மறு ஆண்டு நாடகம் வெளியிட இருந்த ஒருவர் எதையோ படிக்கிறார்’ என்பது உண்மை, அதோடு நிறுத்துங்கள்.

இன்னொரு பழக்கம், சாய்ந்த உடலையும் இருட்டையும் கண்டதும் மெலங்கலி (ஆழ்ந்த மனச்சோர்வு) என்று முத்திரை குத்துவது. பரோக் காலத்து, அதாவது பதினேழாம் நூற்றாண்டை ஒட்டிய கலைக்காலத்து, மெலங்கலிக்கு வழக்கமான சைகை உண்டு: கன்னத்தில் ஊன்றிய கை, வெறித்த பார்வை. இவரோ இரண்டு கண்ணும் தாளில் பதித்து மும்முரமாகப் படிக்கிறார். சோகம் எதுவும் காணோம். அறிஞரின் அறை என்றாலும் பொருந்தவில்லை: எழுதுமேசை, மைக்கூடு, பூகோளம் போன்ற வழக்கமான தட்டுமுட்டு எதுவும் முன்னால் இல்லை. வாசிப்பை உத்தியோகமாகக் கொள்ளாமல் ஓய்வின் இன்பமாகக் கொண்டவர். அதாவது, இந்த வாசல் சுற்றிக்கொண்டு கனவானிடமே வந்து சேர்கிறது. துணை வாதமாகப் பயன்படும். தனியே நிற்காது.

நான்காவது வாசல்: நட்பு

1652-இல் சிக்ஸின் நண்பர் ஏட்டில் (நண்பர்கள் எழுதியும் வரைந்தும் கொடுக்கும் ஏடு) ரெம்பிராண்ட் இரண்டு சித்திரங்கள் வரைந்தார். 1653-இல் சிக்ஸ் அவருக்கு 1,000 கில்டர் வட்டியில்லாமல் கடன் கொடுத்தார். 1654-இல் புகழ்பெற்ற அந்த எண்ணெய் ஓவியம், கையுறை மாட்டும் சிக்ஸ். 1655-இல் சிக்ஸ், மருத்துவர் டுல்ப்பின் மகள் மார்கரேத்தாவை மணந்தார். 1656-இல் ரெம்பிராண்ட் திவாலானார். கதையாகச் சொல்ல அருமையான சரடு. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள்: ஒன்றுகூட 1647-க்கு முந்தியதில்லை. பின்னால் நடந்ததை முன்னால் ஏற்றும் தவறு இந்தப் படத்தில் நேர்வதுபோல வேறு எதிலும் நேராது. பெயரில்லா முதல் நிலைகள் நெருங்கிய வட்டத்தைக் காட்டுகின்றன என்பது மட்டுமே படத்திலிருந்து எடுக்கக்கூடியது. பணம் கொடுத்துச் செய்வித்த வேலையாக இருந்தாலும் அது பொருந்தும்.

எதற்கு எது

வகுப்பில் பத்து நிமிடம் என்றால் ஒளி மட்டும். படத்தைத் திரையில் போட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு ‘முகத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?’ என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் ஜன்னல் என்பார்கள். தாள் என்று கண்டுபிடிக்கும்வரை பெயரைச் சொல்லாதீர்கள். முதல் நிலைப் பிரதிகளை வாங்கியவர்கள் ஆளை அறிந்திருந்தார்கள், பெயர் தேவைப்படவில்லை. மாணவர்கள் ஆளை அறியாதவர்கள், பெயர் சொன்ன கணமே படத்தை விட்டுவிட்டு வரலாற்றைக் கேட்கத் தொடங்குவார்கள்.

இரண்டாயிரம் சொல் கட்டுரை என்றால் பாதி ஒளி, பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கனவான், இரண்டையும் இணைக்கும் மூட்டாக நாய்ப் படத்திலிருந்து தாள் படத்துக்கு நடந்த மாற்றம். தேர்வு விடைத்தாளில் நேரம் குறைவு. நிலை, தோரணை, ஒளி என்ற வரிசையில் ஆறேழு வாக்கியம் போதும். நட்பைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஆண்டுகளோடு சொல்லுங்கள், ஆண்டுகளே எச்சரிக்கையாக இருக்கும்.

ஆள் யாரென்றே தெரியாத பரோக் எட்சிங் கையில் வந்தால் கேள்வி மாறும்: இது குறிப்பிட்ட ஒருவரின் உருவப்படமா, அல்லது டச்சுக்காரர்கள் டிரோனி என்று அழைத்த, பாவனைக்காகவோ உடைக்காகவோ வரைந்த பெயரற்ற தலையா? தொப்பியும் உடையும் அக்கால அன்றாடத்துக்குப் பொருந்தாமல் பழங்காலப் பாணியிலோ கீழைநாட்டுப் பாணியிலோ இருந்தால் டிரோனி என்ற பக்கம் சாயுங்கள். இடுப்பில் வாள் வலப்பக்கம் தொங்கினால், ஓவியர் படத்தைத் திருப்பாமலே தகட்டில் வரைந்திருக்கலாம். இடம் வலம் பற்றிய எல்லா வாதத்தையும் அங்கேயே நிறுத்திவையுங்கள். சிக்ஸ் விஷயத்தில் அந்தச் சோதனைக்கு வழியில்லை. வாள் மேசைமேல் கிடக்கிறது.

சுவர்க் குறிப்பு எழுத வேண்டியவர்களுக்கு, நாங்கள் வைக்கும் வாசகம்:

‘திறந்த ஜன்னலில் சாய்ந்து ஓர் இளைஞர் படிக்கிறார். வெளிச்சம் அவருக்குப் பின்னாலிருந்து வந்து, தாளில் பட்டு, முகத்துக்குத் திரும்புகிறது. வாளும் மேலங்கியும் இருட்டில் கிடக்கின்றன. கோடுகளால் மட்டுமே கட்டிய இந்த இருட்டை எட்சிங், டிரைபாயிண்ட், பியூரின் மூன்றையும் சேர்த்து உண்டாக்கியிருக்கிறார் ரெம்பிராண்ட். முதல் பிரதிகளில் பெயர் இல்லை. பிந்தைய நிலையில்தான் தகட்டில் சேர்த்தார்: யான் சிக்ஸ், வயது 29.’